ஜெர்மனியில் எம்.எஸ்: இறுதி ஆண்டு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொறியியல் மூன்றாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் இருக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உபயோகமாக இருக்கும் என்று தோன்றியது. கேட்பவர்களில் பெரும்பாலானோர் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் படிப்பவர்கள், அதனால் உதாரணங்களும் அங்கிருந்தே வருகின்றன. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். தொகைகளும் விதிகளும் அடிக்கடி மாறும், பணம் கட்டும் முன் அந்தந்த அதிகாரப்பூர்வப் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில படிப்பு ஃப்ரீன்னு சொல்றாங்களே, நிஜமாவா?

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, அது உண்மைதான். செமஸ்டர் கான்ட்ரிபியூஷன் என்று ஒரு தொகை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும். ஊரைப் பொறுத்து 100 யூரோவிலிருந்து 400 யூரோ வரை போகும், பல ஊர்களில் அதிலேயே பஸ், ரயில் பாஸும் அடங்கிவிடும்.

விதிவிலக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், அதாவது ஷ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே, ஹைடல்பெர்க், ஃப்ரைபூர்க் எல்லாம் இருக்கிற மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டுகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து முதுகலைக்குப் பெரும்பாலும் 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது, அதுவும் செமஸ்டருக்கு. தனியார் பல்கலைக்கழகங்களின் கணக்கே வேறு, அங்கே இந்தியத் தனியார் கல்லூரிகளைவிடப் பல மடங்கு ஆகும். ஆக, படிப்பு இலவசமாக இருக்கலாம், வாழ்க்கைச் செலவு இலவசமில்லை. அதைப் பிளாக்டு அக்கவுண்ட் கேள்வியில் பார்ப்போம்.

நான் இப்ப ஆறாவது செமஸ்டர். எப்ப ஆரம்பிக்கணும்?

இப்போதே. அங்கே முக்கியமான சேர்க்கை அக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டருக்குத்தான். பொதுவான கடைசித் தேதி ஜூலை 15 என்று எழுதியிருந்தாலும் ஆங்கிலத்தில் நடக்கும் முதுகலைப் படிப்புகளில் பலவற்றுக்கு அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும், ஆஹன் ஊரில் இருக்கிற ஆர்டபிள்யூடிஎச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மார்ச் முதல் தேதி. எட்டாவது செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் ஒரு வருடம் போய்விடும்.

அதனால் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். அக்டோபரில் வகுப்பு என்றால் ஜூன், ஜூலையில் விசா, டிசம்பரிலிருந்து மே வரை விண்ணப்பங்கள், அதற்கு முன் ஆகஸ்ட், செப்டம்பரில் ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வு. ஏபிஎஸ் என்கிற ஆவணச் சரிபார்ப்புச் சான்றிதழை (கீழே விளக்கியிருக்கிறேன்) ஏழாவது செமஸ்டரிலேயே தொடங்கிவிட வேண்டும். ஆறாவது செமஸ்டர் விடுமுறையில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எந்தப் படிப்பு என்று உட்கார்ந்து தேடுவது. அதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், ஆனால் அதற்குத்தான் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை.

என் சிஜிபிஏ 7.2. கிடைக்குமா?

உங்கள் 7.2 அங்கே 7.2 ஆகப் போய்ச் சேராது. அங்கே 1.0 தான் உச்சம், 4.0 பாஸ் மார்க். மாற்றுவதற்குத் திருத்திய பவேரியச் சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது: அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள், அதை அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள், மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள்.

பாஸுக்கான குறைந்தபட்ச கிரேடு பாயின்ட் 5 என்றால் 7.2 என்பது ஏறக்குறைய 2.7 ஆகும். 8.0 என்றால் 2.2. பல படிப்புகள் 2.5 வரை கேட்பதால் உங்களுக்கு 7.5 தேவைப்படும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், அதாவது அந்த ஆண்டுப் பாடத்திட்ட விதிகளில், ‘சி’ கிரேடுக்கு 5 பாயின்ட், அதற்கு முந்தைய 2017 ரெகுலேஷனில் பாஸான கடைசி கிரேடு ‘பி’, அதற்கு 6 பாயின்ட். அந்த 6-ஐப் போட்டுக் கணக்கிட்டால் அதே 7.2 சட்டென்று 3.1 ஆகிவிடும், 2.5 வாங்கச் சிஜிபிஏ 8 வேண்டும். மதிப்பெண் பட்டியலில் அச்சிட்டிருக்கிற கிரேடு அட்டவணையைப் பாருங்கள், நீங்கள் எந்த ரெகுலேஷன் என்று உறுதி செய்துகொண்டு கணக்குப் போடுங்கள். இறுதி முடிவு பல்கலைக்கழகத்துடையது.

2.7 வந்தால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. கட் ஆஃப் இல்லாத படிப்புகள் இருக்கின்றன, 3.0 வரை எடுக்கிற படிப்புகளும் இருக்கின்றன. அப்புறம், இன்னும் இரண்டு செமஸ்டர் கையில் இருக்கிறதே, அதை விட்டுவிடாதீர்கள்.

மூணு அரியர் இருந்துச்சு, கிளியர் பண்ணிட்டேன். ரிஜெக்ட் பண்ணிடுவாங்களா?

பொதுவாக இல்லை. அரியர் வரலாற்றை மட்டும் வைத்து நிராகரிக்கிற பொது விதி அங்கே கிடையாது, ஒருசில படிப்புகள் கேட்கலாம். அவர்கள் பார்ப்பது கடைசியாக வந்த மதிப்பெண்ணையும் பாடங்களையும். ஆனால் சேர்கிற நாளன்று ஒரு பேப்பர்கூடப் பாக்கி இருக்கக் கூடாது. அரியர் எழுதி ரிசல்ட் நவம்பருக்குத் தள்ளிப்போனால் அக்டோபர் சேர்க்கை கைநழுவும். எட்டாவது செமஸ்டரில் இருப்பவர்கள் பிராஜெக்ட்டைவிட முதலில் அந்த அரியரை முடியுங்கள்.

எந்த யூனிவர்சிட்டி நல்லது? ஒரு லிஸ்ட் குடுங்களேன்.

லிஸ்ட் தர மாட்டேன், காரணம் சொல்கிறேன். அமெரிக்கக் கணக்கில் ரேங்க் பார்த்துப் பத்துப் பெயர் எழுதிக்கொள்கிற பழக்கம் ஜெர்மனிக்குப் பொருந்தாது. அங்கே சேர்க்கைக் குழு முதலில் பார்ப்பது நீங்கள் இளங்கலையில் படித்த பாடங்களும் அவர்கள் முதுகலைக்கு எதிர்பார்க்கிற அடித்தளமும் பொருந்துகிறதா என்பதைத்தான். 9 சிஜிபிஏ வைத்திருந்தும் அந்தப் பொருத்தம் இல்லாமல் நிராகரிக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும், 7.6-ஐ வைத்துக்கொண்டு நல்ல இடத்தில் சேர்ந்தவர்களையும் தெரியும்.

ஒன்றை நெருக்கமாகப் பார்ப்போம். ஒரு மெக்கானிக்கல் மாணவி, 2021 ரெகுலேஷன். ஒரு படிப்பின் விதியில் ‘கணிதத்தில் குறைந்தது 20 ஈசிடிஎஸ்’ என்று போட்டிருக்கிறது. ஈசிடிஎஸ் என்பது அவர்களுடைய கிரெடிட் அளவு, ஒரு ஈசிடிஎஸ் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, ஒரு வருடத்துக்கு 60. நான்கு வருடத்துக்கு 240 வரும். நம்முடைய நான்கு வருடம் ஏறக்குறைய 160 கிரெடிட் என்பதால் ஒரு கிரெடிட்டுக்கு சுமார் 1.5 ஈசிடிஎஸ் என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்கு மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அண்ட் நியூமரிக்கல் மெதட்ஸ், டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் என்று மூன்று கணிதப் பேப்பர், ஒவ்வொன்றும் 4 கிரெடிட். மொத்தம் 12 கிரெடிட், அதாவது 18 ஈசிடிஎஸ். இரண்டு குறைகிறது. இங்கே பலர் அந்தப் படிப்பையே விட்டுவிடுவார்கள். ஆனால் சிலபஸைத் திறந்து பார்த்தால் ஃபைனைட் எலிமென்ட் பேப்பரில் பாதி கணிதம்தான் என்பது தெரியும். அந்த யூனிட்டுகளைக் குறிப்பிட்டு, பாடப் பொருத்த அட்டவணையில் எழுதிக் காட்டினால் குழு ஏற்பதற்கு வாய்ப்பு உண்டு. எழுதாவிட்டால் அவர்களாகத் தேடிப் பார்க்க மாட்டார்கள்.

அதனால் ஒவ்வொரு படிப்புக்கும் மோடூல்ஹான்ட்புக் என்கிற பாட விவரப் புத்தகத்தைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே உங்கள் சிலபஸை வையுங்கள். அந்த முதுகலையில் வரும் பாடங்களைப் படித்து இரண்டு வருடம் ஓட்ட உங்களுக்கு ஆசையிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வேறாக இருக்கும். ‘மெகட்ரானிக்ஸ்’ ஓரிடத்தில் முழுக்கக் கன்ட்ரோல் தியரி, இன்னோரிடத்தில் பாதிக்கு மேல் புரோகிராமிங். படிப்புகளைத் தேடுவதற்கு டிஏஏடி என்கிற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு நடத்துகிற தேடல் பக்கம் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

டியூ பெரிசா, ஹோக்‌ஷூலே பெரிசா?

இரண்டும் தருகிற எம்.எஸ்சி சட்டப்படி ஒரே மதிப்புடையதுதான். டியூ எனப்படும் டெக்னிக்கல் யூனிவர்சிட்டிகள் ஆராய்ச்சி, தியரி பக்கம் சாயும். ஹோக்‌ஷூலே எனப்படும் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகங்களில் பேராசிரியராக வர பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேலை பார்த்த அனுபவம் வேண்டும், அதனால் பாடத்தில் தொழிற்சாலை வாடை அதிகம். பிஎச்டி போகிற எண்ணமிருந்தால் டியூ வசதி. வேலைதான் இலக்கு என்றால் அந்த ஊரைச் சுற்றி உங்கள் துறை நிறுவனங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள், அதுதான் கடைசியில் கைகொடுக்கும்.

நான் பி.எஸ்சி, மூணு வருஷம்தான். எனக்கு வாய்ப்பே இல்லையா?

இருக்கிறது. ஜெர்மனியிலேயே இளங்கலை பல இடங்களில் மூன்று வருடம், 180 ஈசிடிஎஸ்தான். 210 ஈசிடிஎஸ் கேட்கிற முதுகலைகளைத் தவிர்த்துவிட்டு 180 போதும் என்கிறவற்றை எடுங்கள். உங்கள் பல்கலைக்கழகமும் பட்டமும் எப்படி மதிப்பிடப்படுகின்றன என்பதை அனாபின் என்ற ஜெர்மன் தரவுத்தளத்தில் பார்க்கலாம். அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் படிப்பின் ஒருங்கிணைப்பாளருக்கு நாலு வரியில் மெயில் போடுங்கள், பெரும்பாலும் பதில் வரும்.

ஏபிஎஸ் ஏபிஎஸ்ங்கறாங்க, அது என்ன?

உங்கள் மதிப்பெண் பட்டியல்கள் உண்மையானவைதானா, பட்டம் ஜெர்மன் படிப்புக்குத் தகுதியானதுதானா என்று சரிபார்த்துத் தருகிற அலுவலகம். டெல்லியில் ஜெர்மன் தூதரகத்தைச் சேர்ந்து இயங்குகிறது. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு விசாவுக்கு இந்தச் சான்றிதழ் கட்டாயம், பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்துடனேயே கேட்கின்றன. கட்டணம் 18,000 ரூபாய். சீசனில் வாரக்கணக்கில் இழுக்கும், அதனால்தான் ஏழாவது செமஸ்டரிலேயே தொடங்கச் சொன்னேன்.

மார்க் ஷீட்ல இனிஷியலோட பேரு, பாஸ்போர்ட்ல அப்பா பேரு சேர்ந்து இருக்கு. பிரச்சினை வருமா?

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வருகிற தலைவலி இது. பத்தாம் வகுப்பிலிருந்து ‘கார்த்திக் எஸ்’ என்று எழுதிவிட்டு, பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருப்போம். வெளிநாட்டில் ஒருவருக்கு இனிஷியல் என்றால் என்னவென்றே புரியாது. எல்லா விண்ணப்பங்களிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் எழுதுங்கள், ‘இரண்டு பெயரும் ஒரே நபரையே குறிக்கும்’ என்று நோட்டரி முன் ஒரு அஃபிடவிட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டமே காலியாக இருந்தால், இப்போதே திருத்தி வாங்கிவிடுவது நல்லது. இல்லையென்றால் விமான டிக்கெட், வங்கிக் கணக்கு, அங்குள்ள பதிவலுவலகம் என்று ஒவ்வொரு இடத்திலும் பெயர் ஒவ்வொரு மாதிரி ஏறும். திருத்துவதாக இருந்தால் ஐஇஎல்டிஎஸ் பதிவுக்கு முன்பே செய்யுங்கள், அதற்குப் பிறகு செய்தால் அந்தச் சான்றிதழிலும் பழைய பெயர் வந்து நிற்கும்.

டிகிரி சர்டிஃபிகேட் கான்வகேஷன்ல தான் தருவாங்களாம். அதுக்குள்ள எப்படி அப்ளை பண்றது?

விண்ணப்பிக்கும்போது பட்டம் தேவையில்லை. ஆறு அல்லது ஏழு செமஸ்டர் வரையிலான மதிப்பெண் பட்டியலை வைத்து விண்ணப்பிக்கலாம், பெரும்பாலான இடங்களில் நிபந்தனையோடு சேர்க்கை தருவார்கள். கல்லூரியிலிருந்து போனஃபைட் ஒன்று வாங்கி வையுங்கள். எட்டாவது செமஸ்டர் முடிந்ததும் புரொவிஷனல் சர்டிஃபிகேட்டும் மொத்த மதிப்பெண் பட்டியலும் வந்துவிடும், சேரும்போது அவையே பல இடங்களில் போதும். பட்டச் சான்றிதழ் பின்னால் கொடுக்க அவகாசம் தருவார்கள்.

டிரான்ஸ்கிரிப்ட் வாங்குவதற்குக் கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்லூரித் தேர்வு அலுவலகமே தரும், மற்றவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியிருக்கும், கையெழுத்துப் போடுகிறவர் லீவில் இருந்தால் ஒரு வாரம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். மூடிய கவரில் நாலைந்து செட் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள்.

ஐஇஎல்டிஎஸ் எழுதணுமா? காலேஜ்ல இங்கிலீஷ் மீடியம்னு லெட்டர் குடுத்தா போதாதா?

சில இடங்களில் போதும், பல இடங்களில் போதாது. அந்தக் கடிதத்தை நம்பிப் பட்டியல் போட்டால் பட்டியல் பாதியாகக் குறையும். ஐஇஎல்டிஎஸ்ஸில் 6.5 எடுத்தால் பெரும்பாலான படிப்புகள் அடங்கிவிடும், சிலவற்றுக்கு 7 வேண்டும். இரண்டு வருடம் செல்லும். ஜிஆர்இ என்கிற முதுகலைத் தகுதித் தேர்வு பெரும்பாலும் வேண்டாம், ஆனால் ஆஹன் ஆர்டபிள்யூடிஎச் மாதிரி சில இடங்கள் சில பொறியியல் படிப்புகளுக்குக் கேட்கின்றன. உங்கள் பட்டியலில் அப்படி ஒன்றுதான் இருக்கிறதென்றால், அதற்காக மூன்று மாதம் செலவழிப்பது அவசியமா என்று யோசியுங்கள்.

கோர்ஸ் இங்கிலீஷ்ல தானே, ஜெர்மன் எதுக்கு?

வகுப்பறைக்கு வேண்டாம். வீடு பார்க்க, மருத்துவரிடம் போக, பகுதிநேர வேலை தேட, முக்கியமாகப் படிப்பு முடிந்ததும் நிரந்தர வேலை தேட வேண்டும். மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிக்கல் ஆட்களுக்கு ஜெர்மன் மொழியில் பி1 நிலையாவது (ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் மொழித் தேர்வு நிலைகள்) இல்லாமல் வேலை கிடைப்பது கடினம், பி2 இருந்தால் நிம்மதி. மென்பொருளில் மட்டும் கொஞ்சம் தளர்வு உண்டு.

ஏழாவது, எட்டாவது செமஸ்டரில் வாரத்துக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கி ஏ2 முடித்துவிட்டுப் போனால் அங்கே போய் பி1 தொடங்கலாம். சென்னை நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ் முல்லர் பவனில் வகுப்பும் தேர்வும் இருக்கிறது, ஆன்லைனிலும் படிக்கலாம். போன பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்பவர்கள் முதல் செமஸ்டர் தேர்வுக்கும் அசைன்மென்டுக்கும் நடுவே அதைத் தொடுவதே இல்லை.

எஸ்ஓபி-யை கன்சல்டன்சி எழுதித் தர்றாங்க, வாங்கிக்கலாமா?

வேண்டாம். எஸ்ஓபி என்பது இந்தப் படிப்பு ஏன் என்று நீங்களே சொல்கிற கடிதம். ஒரே அச்சில் வார்த்த அப்படிப்பட்ட கடிதங்களைச் சேர்க்கைக் குழுக்கள் வருடா வருடம் பார்க்கின்றன. ‘சின்ன வயதிலிருந்தே இயந்திரங்கள் மீது எனக்கு ஆர்வம்’ என்று தொடங்கினாலே மேற்கொண்டு யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு பக்கம் போதும். நீங்கள் செய்த பிராஜெக்ட்டில் எங்கே மாட்டிக்கொண்டீர்கள், அதைத் தீர்க்க எந்த அறிவு போதவில்லை, அந்த அறிவு இந்தப் படிப்பின் எந்தப் பாடத்தில் கிடைக்கிறது என்று எழுதுங்கள். மோடூல்ஹான்ட்புக் படித்தவரால்தான் இதை எழுத முடியும், அதனால்தான் மேலே அதைப் பற்றி அவ்வளவு நீளமாகச் சொன்னேன்.

பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். நம் கல்லூரிகளில் ‘நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்பார்கள். அப்படிச் சொன்னால் சாரிடமோ மேடமிடமோ பத்து நிமிடம் கேட்டு, உங்களைப் பற்றி அவர் உண்மையில் நினைவில் வைத்திருக்கிற ஒரு விஷயத்தைக் குறித்துக்கொண்டு அவரையே எழுத வைக்கப் பாருங்கள். துறைத் தலைவர் கையெழுத்தைவிட உங்கள் பிராஜெக்ட்டை வழிநடத்தியவரின் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம்.

கன்சல்டன்சி இல்லாம முடியுமா? அவங்க ஃப்ரீயா பண்ணித் தர்றோம்ங்கறாங்களே?

முடியும், இந்தப் பக்கத்தில் இருக்கிற எல்லாமே தனியாகச் செய்யக்கூடியவைதான். இலவசமாகச் செய்கிறவருக்கு வேறெங்கிருந்தோ பணம் வர வேண்டும், பெரும்பாலும் அது கமிஷன் தருகிற தனியார் பல்கலைக்கழகங்களிலிருந்து வரும். அரசுப் பல்கலைக்கழகம் யாருக்கும் கமிஷன் தருவதில்லை. அதனால்தான் ஜெர்மன் கணக்கில் 2.4 வைத்திருக்கிற பையனைக்கூட ‘அரசு இடம் கிடைக்காது தம்பி’ என்று பயமுறுத்திப் பல லட்ச ரூபாய் கட்டணம் உள்ள தனியார் இடத்துக்கு அனுப்புகிறார்கள். இதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

விண்ணப்பச் செலவு என்ன தெரியுமா? பல பல்கலைக்கழகங்கள் யூனி அசிஸ்ட் என்ற பெர்லின் அமைப்பு வழியாக வாங்குகின்றன, ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்து ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஆறு இடத்துக்குப் போட்டால் 225 யூரோ. நேரடியாக விண்ணப்பிக்கிற இடங்களில் பல இலவசம்.

பிளாக்டு அக்கவுண்ட்ல 12 லட்சம் கட்டணுமாமே, அது போயிடுமா?

போகாது, அது உங்கள் பணம். முதல் வருடம் சாப்பிட, தங்க உங்களிடம் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்டுகிற வழி அது. இப்போது வருடத்துக்கு 11,904 யூரோ, ஒரு யூரோ 100 ரூபாயை ஒட்டி இருந்தால் கிட்டத்தட்ட 12 லட்சம். அங்கே போய் உள்ளூர் வங்கிக் கணக்கு திறந்ததும் மாதம் 992 யூரோ என்று விடுவிப்பார்கள். விசா கிடைக்காவிட்டால் சேவைக் கட்டணம் போக மீதி திரும்பிவிடும்.

மாதம் 992 போதுமா என்றால் ஊரைப் பொறுத்தது. மாணவர் விடுதியில் அறை கிடைத்துவிட்டால் கெம்னிட்ஸ், மாக்டபுர்க் பக்கம் மிச்சமே பிடிக்கலாம். மியூனிக்கில் வாடகையே பெரும்பகுதியை விழுங்கும். அரசு மருத்துவக் காப்பீடு 30 வயதுக்குக் கீழ் உள்ள மாணவர்களுக்கு மாதம் சுமார் 140, 150 யூரோ, இதைப் பட்ஜெட்டில் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டாம் வருடம் விசாவை நீட்டிக்கும்போது மீண்டும் பணம் காட்டச் சொல்வார்கள், ஆகையால் 12 லட்சத்தோடு கணக்கு முடிந்தது என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

அப்பா வீட்டை அடமானம் வச்சு லோன் எடுக்கலாம்ங்கறார். எடுக்கலாமா?

இதற்கு நான் ஆம், இல்லை என்று சொல்ல முடியாது, கணக்கைச் சொல்கிறேன். 20 லட்சம், 10 சதவீத வட்டி. படிக்கிற காலத்தில் தவணை இல்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், இரண்டரை வருடத்தில் 5 லட்சம். 25 லட்சத்தைப் பத்து வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 33,000 ரூபாய். ஜெர்மனியில் வேலை கிடைத்தால் 330 யூரோ, சமாளிக்கலாம். கிடைக்காமல் திரும்பி வந்து சென்னையில் 30,000 சம்பளத்துக்குச் சேர்ந்தால்? அந்த நிலையில் உங்கள் வீட்டில் யார் கட்டுவார்கள் என்று அப்பாவோடும் அம்மாவோடும் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசுங்கள். பேசிவிட்டு எடுங்கள். படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்ட முடிந்தால் பாரம் நிறையக் குறையும்.

அரசு வங்கிகளில் முதலில் கேளுங்கள், வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டிய வட்டிக்கு எட்டு வருடம் வரை வரிவிலக்கு உண்டு, பழைய வரிமுறையில் இருந்தால். வங்கிக் கடனிலிருந்து படிப்புக்கு அனுப்பும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் டிசிஎஸ் என்கிற முன்கூட்டிய வரிப் பிடித்தம் இல்லை.

ஸ்காலர்ஷிப் ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் அதை நம்பி மட்டும் கிளம்ப முடியாது. டிஏஏடியின் வளர்ச்சி சார்ந்த முதுகலை உதவித்தொகைக்குக் குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள், கல்லூரியிலிருந்து நேராகப் போகிறவர்களுக்குப் பொருந்தாது. அங்கே சேர்ந்த பிறகு டாய்ச்லாண்ட் ஸ்டிப்பெண்டியம் என்று மாதம் 300 யூரோ, எந்த நாட்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம், முதல் செமஸ்டர் மதிப்பெண் நன்றாக இருந்தால் கண்டிப்பாகப் போடுங்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது, குடும்ப வருமான உச்சவரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையும் வெளிநாட்டு உயர்கல்விக்கு உதவுகிறது. தகுதியிருந்தும் தெரியாமலே கடன் வாங்கிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் கடனுக்கு முன் இந்த இரண்டையும் விசாரியுங்கள்.

பார்ட் டைம் பார்த்தே செலவை ஓட்டிடலாம்னு சொல்றாங்களே?

இரண்டாம் செமஸ்டரிலிருந்து ஓரளவுக்கு. சட்டப்படி வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ. மினிஜாப் எனப்படும் சின்ன வேலையில் மாதம் 603 யூரோ வரை, அதாவது சுமார் 43 மணி நேரம். வாடகையும் காப்பீடும் அதில் ஓரளவு வந்துவிடும். ஆனால் முதல் மூன்று மாதம் வேலை கிடைக்காது என்று வைத்தே திட்டம் போடுங்கள், ஜெர்மன் தெரியாதவருக்கு முதலில் கிடைப்பது கிடங்கும் சமையலறையும்தான். இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டுக் காலை வகுப்பில் தூங்கி, தேர்வில் மூன்று முறை தோற்றால் பல இடங்களில் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள். நம் ஊர் அரியர் மாதிரி எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுகிற வசதி அங்கே இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

விசா ரிஜெக்ட் ஆனா என்ன பண்றது?

முன்பு மறுபரிசீலனைக்கு எழுதிக் கேட்கிற வழி இருந்தது, 2025 ஜூலை முதல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லினில் நீதிமன்றம் போக வேண்டும். அதனால் முதல் தடவையே ஆவணங்களைச் சரியாக வைப்பது முக்கியம். பி.இ படித்தது சிவில், போவது எம்.பி.ஏ என்றால் ஏன் என்று கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். நேர்காணலில் கேட்டால் உங்கள் படிப்பின் நான்கு பாடமாவது பெயர் சொல்லத் தெரிய வேண்டும்.

கேம்பஸ்ல வேலை கிடைச்சிருக்கு. சேர்ந்துட்டு ரெண்டு வருஷம் கழிச்சுப் போகவா, நேரா போகவா?

வேலை உங்கள் துறையிலேயே இருந்தால், பாண்ட் இல்லையென்றால், வீட்டில் பணம் இறுக்கமாக இருந்தால், சேர்ந்துவிடுங்கள் என்பேன். இரண்டு வருடச் சம்பளத்தில் பிளாக்டு அக்கவுண்ட்டில் ஒரு பகுதி தேறும், மாலையில் ஜெர்மன் பி1 முடிக்கலாம், டிஏஏடி தகுதியும் வரும். அங்கே வேலை தேடும்போது அந்த அனுபவத்துக்கு மதிப்பும் உண்டு. ஆனால் மெக்கானிக்கல் படித்துவிட்டு வேறு துறை சப்போர்ட் வேலையில் இரண்டு வருடம் போனால் பாடம் மறந்துவிடும், எஸ்ஓபியில் அதை விளக்கவும் கஷ்டம். அப்படிப்பட்ட வேலை என்றால், சிஜிபிஏவும் பணமும் ஒத்துழைத்தால், நேராகப் போவது மேல்.

ரூம் இங்கிருந்தே புக் பண்ணணுமா?

சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே ஸ்டுடிரெண்டன்வெர்க் என்கிற மாணவர் நல அமைப்பின் விடுதிக்குப் பெயர் கொடுங்கள், சில ஊர்களில் காத்திருப்புப் பட்டியல் ஒரு வருடம்கூட நீளும். தனியார் அறை என்றால் ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியை கூரியரில் அனுப்புகிறேன்’ என்று யார் சொன்னாலும் பதில்கூடப் போடாதீர்கள். அட்வான்ஸ் தொகை சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக் கூடாது. வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிப் படிவம் தருவாரா என்று முதலிலேயே கேளுங்கள், அது இல்லாமல் முகவரிப் பதிவு நடக்காது, பதிவு இல்லாமல் மற்ற வேலைகளும் வரிசையாகத் தடைபடும்.

எல்லாம் முடிச்சும் வேலை கிடைக்கலன்னா?

படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் வரை தங்க அனுமதி உண்டு, அந்தக் காலத்தில் எந்த வேலையும் பார்க்கலாம். ஜெர்மன் பட்டம் பெற்றுத் தகுதிக்கேற்ற வேலையில் இரண்டு வருடம் இருந்தால், மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கே விண்ணப்பிக்கலாம். ஆனால் தேடலை 18 மாதத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். வேலை பெரும்பாலும் கிடைப்பது வெர்க்‌ஷ்டுடென்ட் எனப்படும் துறை சார்ந்த மாணவர் வேலை வழியாகவும், தீசிஸை ஒரு நிறுவனத்தில் செய்வதன் வழியாகவும்தான், இரண்டும் மூன்றாவது செமஸ்டரில் தொடங்க வேண்டியவை. தீசிஸ் சமர்ப்பித்த கையோடு வெளிநாட்டினர் அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்டுக்குப் பதிவு செய்துவிடுங்கள், பெரிய நகரங்களில் அது கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும், கையில் இருக்கிற அனுமதி அதற்குள் காலாவதியாகிவிடக் கூடாது.